நெருப்புக்கு அஞ்சிய அறை

2022 செப்டம்பர் 19, திங்கட்கிழமை. காலை எட்டே காலுக்கு ஆய்வகத்தைத் திறந்து, முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டேன். தராசில் நூறு கிராம் எடைக்கல்லை வைத்துச் சரிபார்த்தேன். சனிக்கிழமை தயாரான கறை நீக்கியின் மாதிரிப் புட்டியை ஐஸ் பெட்டிக்குள் வைத்தேன். மதுரைக்கு அனுப்ப வேண்டிய இரண்டு மாதிரிகளுக்குச் சீட்டு எழுதி ஒட்டினேன். பத்தரைக்கு டீ வந்தது. பதினொரு மணிக்குத் தளவாய்புரத்திலிருந்து செல்லத்துரை வந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் அந்த ஆய்வகத்துக்கும் தொடர்பு அதிகம் இல்லை. சென்ற மாதம் அங்கிருந்து கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்களாம். கலவையில் எது எவ்வளவு என்று தட்டினால் போதும், அந்த ரசாயனத்தின் அபாயங்களை அதுவே வகைப்படுத்தி, பதினாறு பகுதிகள் கொண்ட பாதுகாப்புத் தாளை அச்சடித்துத் தந்துவிடுகிறது. "இதை நீங்க கையால எப்படி மேடம் செஞ்சீங்க? எங்களுக்காக எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்கள். செய்த விதத்தை எழுதுகிறேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமையை விட்டுவிட்டு எழுத என்னால் முடியவில்லை.

வேதியியல் பட்டம் வாங்கிக்கொண்டு ஒரு நூற்பாலையில் பஞ்சின் ஈரப்பதம் பார்க்கும் வேலையில் சேர்ந்தேன். சில வருடங்கள் அங்கே கழிந்தன. பிறகு ராஜபாளையத்துக்கு வெளியே இருந்த இந்தச் சிறிய கம்பெனிக்கு வந்தேன். ஆலைகளுக்கும் தையல் யூனிட்டுகளுக்கும் வேண்டிய திரவங்கள் இங்கே தயாராகும்: துணியை மிருதுவாக்குவது, நூலுக்கு மெழுகேற்றுவது, மெஷின் எண்ணெய்க் கறையை எடுப்பது. ஏற்றுமதிக்காரர்கள் பாதுகாப்புத் தாள் கேட்கத் தொடங்கியபோது, அதை எழுதும் வேலை எங்கள் ஆய்வகத்தின் தலையில் விழுந்தது. ஆய்வகம் என்றால் நானும் ராமானுஜம் சாரும்தான்.

ராமானுஜம் சார் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒன்றில் வீடு. தினமும் காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவார். நான் எழுதிய தாளை ஒருநாளும் உட்கார்ந்து படித்ததில்லை. ஜன்னலோரம் நின்று, கடைசிப் பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு வருவார். "முன்னாடியிருந்து படிச்சா நீ சொல்ல வந்தது புரிஞ்சிடும். புரிஞ்சிட்டா தப்பு கண்ணுக்குத் தெரியாது" என்பார். அவருக்குப் பிடிக்காத சொல் 'பாதுகாப்பானது'. எங்கே பார்த்தாலும் பென்சிலால் அடித்துவிடுவார். ஒரு அபாயத்தைப் பற்றி எந்த ஆய்வும் கிடைக்கவில்லை என்றால், 'தகவல் இல்லை' என்றுதான் எழுத வேண்டும். ஒருமுறை அவசரத்தில் 'அபாயம் இல்லை' என்று எழுதிவிட்டேன். தாளை என் மேஜையில் வைத்து, "மங்கை, பக்கத்து வீட்ல யாரு இருக்கான்னு உனக்குத் தெரியலன்னா, வீடு காலியா இருக்குன்னு அர்த்தமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே இரண்டு நாள் உட்கார்ந்து தாள் முழுவதையும் திரும்ப எழுதுவேன்.

வகைப்படுத்துவதில் இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி, பொருளின் பௌதிக அபாயம்: எரியுமா, வெடிக்குமா, இன்னொன்றை எரியத் தூண்டுமா. இதில் பெரும்பகுதியை எங்கள் மேஜையிலேயே பார்த்துவிடலாம். கறை நீக்கியையே எடுத்துக்கொள்கிறேன். அதில் பெரும்பங்கு ஹெக்சேன். பெட்ரோலிலிருந்து பிரிப்பது, தண்ணீர் போல் தெளிவாக இருக்கும். துணியில் அடித்தால் எண்ணெயைக் கரைத்துக்கொண்டு, வளையம் விழாமல் கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும். அதன் தீப்பற்றும் வெப்பநிலையைப் பார்க்க மூடி போட்ட பித்தளைக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. திரவத்தை ஐஸில் குளிர வைத்து ஊற்றி, மெல்லச் சூடேற்றி, ஒவ்வொரு டிகிரிக்கும் மூடியிலுள்ள சிறு கதவைத் திறந்து ஒரு சுடரை உள்ளே காட்ட வேண்டும். மேலே சேர்ந்த ஆவி பற்றினால் நீல நிறத்தில் ஒரு மின்னல் ஓடும். நல்லெண்ணெய்க்கு இருநூறு டிகிரிக்கு மேலே காத்திருக்க வேண்டும். கறை நீக்கிக்கோ, ஐஸிலிருந்து எடுத்து ஊற்றி முதல் சுடரைக் காட்டும்போதே மின்னல் ஓடியது. இருபத்துமூன்றுக்குக் கீழே பற்றுகிறது, முப்பத்தைந்துக்கு மேலேதான் கொதிக்கிறது என்றால், எரியும் திரவம், இரண்டாம் வகை. அபாயம் என்ற எச்சரிக்கைச் சொல்லும், சுடர் படமும் லேபிளில் வர வேண்டும். இதில் வாதத்துக்கு இடமே இல்லை.

இரண்டாம் பாதி உடல்நல அபாயம். அதை மேஜையில் பார்க்க முடியாது. கலவையில் எது எத்தனை சதவீதம் என்று மதுரையில் பகுத்துத் தருவார்கள். அதை வைத்துக்கொண்டு, யாரோ எங்கேயோ செய்த ஆய்வுகளைத் தேடிப் படித்து, வரம்புகளோடு ஒப்பிட வேண்டும். ஹெக்சேனின் ஆவியை மாதக்கணக்கில் சுவாசித்தால் கைகால்களின் நரம்பு கெடும் என்று படித்தேன். செருப்பு ஒட்டும் பட்டறைகளில் வேலை செய்தவர்களுக்கு வந்திருக்கிறது. கால் விரல் நுனியில் மரப்பாகத் தொடங்கி, மேலே ஏறி, பாதத்தைத் தூக்க முடியாமல் போகும். நெருப்பை என் கண்ணால் பார்த்தேன். நரம்பைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இதில் வாதம் வந்தது. நரம்புக் கேட்டை இரண்டாம் வகையில் போட்டால் போதும், முதல் வகை என்றால் வாங்குகிறவன் பயந்துவிடுவான் என்று விற்பனைப் பிரிவு சொன்னது. ராமானுஜம் சார் மானேஜர் அறைக்குப் போனார். அங்கும் நின்றபடியேதான் பேசினார்.

"எலிக்கு வந்ததுன்னு மட்டும் இருந்தா நாம உக்காந்து யோசிக்கலாம் சார். இது மனுசனுக்கு வந்தாச்சு. மனுசனுக்கு வந்ததுன்னா முதல் வகை."

"நம்ம ஊர்ல யாருக்காச்சும் வந்திருக்கா ராமானுஜம்?"

"நம்ம ஊர்ல யாரு சார் பாத்தா?"

முதல் வகை என்றே போனது. லேபிளில் நான்கு படங்கள்: சுடர், ஆச்சரியக்குறி, செத்த மீன், நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த ஒரு மனிதன். தாளைத் தமிழில் மொழிபெயர்த்தது நான். அன்று ராமானுஜம் சார் என்னிடம் ஒன்று சொன்னார். "நாம எழுதறது பொருளப் பத்தி மட்டும். அது போய்ச் சேர்ற ரூம் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாது. தெரியாததப் பத்தி எழுதக்கூடாது." அது சரிதான். இந்தத் தொழிலின் அடிப்படையே அதுதான். வகைப்பாடு என்பது பொருளின் குணம். அறையின் குணம் அல்ல.

இனி அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன்.

தளவாய்புரத்தில் தெருவுக்குத் தெரு நைட்டி தைக்கும் யூனிட்டுகள். செல்லத்துரையின் யூனிட் நடுத்தரமானது. தைத்து முடிந்த நைட்டியில் மெஷின் எண்ணெய்க் கறை இருந்தால் எங்கள் திரவத்தைச் சிறிய துப்பாக்கி போன்ற ஒரு கருவியில் ஊற்றி, கறையின் மேல் அடிப்பார்கள். தீபாவளி சீசன். மூன்று டிரம் கூடுதலாகக் கேட்டு அவரே நேரில் வந்திருந்தார். முகத்தில் ஒரே மலர்ச்சி.

"மேடம், நீங்க எழுதிக் குடுத்தத ஒரு எழுத்து விடாம செஞ்சு வச்சிருக்கேன். வந்து ஒரு ரிப்பன் வெட்டிட்டுப் போங்க."

"என்ன செஞ்சீங்க?"

"கறை எடுக்கிறதுக்குன்னே தனி ரூம் கட்டி அஞ்சு மாசம் ஆச்சு, நீங்கதான் வந்து பாக்கல. மொதல்ல அயன் பண்ற இடத்துப் பக்கத்துலதான எடுத்தாளுக? அந்தச் சூடு எங்க, இந்த மருந்து எங்க! இப்போ கதவு சாத்துனா சாத்துனதுதான். சுவிட்ச் கிடையாது, பிளக் கிடையாது, செல்போன் வெளிய. வெளிச்சத்துக்குக் கண்ணாடி பதிச்சிருக்கேன், அது தொறக்காது."

"ஃபேன்?"

"ஃபேனத்தான மேடம் மொதல்ல கழட்டுனேன்! ரெகுலேட்டர்ல பொறி விழும்லா. தீப்பொறி உண்டாக்கும் மின்சாதனங்களை அப்புறப்படுத்தவும்னு நீங்கதான எழுதியிருக்கிய."

"காற்றோட்டமான இடத்தில் பயன்படுத்தவும்னும் எழுதியிருக்கேனே."

"எழுதியிருக்கிய. ரெண்டும் ஒரே ரூம்ல எப்படி நடக்கும்? நெருப்பா, காத்தான்னு பாத்தேன்." அவர் குரல் இறங்கியது. "எங்க அண்ணன் பட்டாசு வேலைக்குப் போயி கரிக்கட்டையா வந்தவன் மேடம். மூஞ்சியப் பாத்து அடையாளம் சொல்ல முடியல, இடுப்புக் கயித்தப் பாத்துத்தான் சொன்னோம். எனக்கு நெருப்புதான் மொதல்ல."

எங்களுடையது பட்டாசு ஆலைகளின் மாவட்டம். தீ என்ற சொல்லுக்கு வேறு ஊர்களில் இருக்கும் அர்த்தம் அல்ல இங்கே இருப்பது. லேபிளில் நான்கு படங்கள் இருந்தும் அவர் கண்ணில் பட்டது சுடர் ஒன்றுதான்.

டீயைக் குடித்துக்கொண்டே, போகிற போக்கில், சிரிப்பாக ஒன்று சொன்னார். "ஓவர்டைம்ல பிள்ளைக தூங்கி விழுதுக மேடம். முந்தாநாள் ஒருத்தி, ஒத்தக்கால் செருப்பு கழண்டு ரூம் வாசல்ல கெடக்கு, அவ பாட்டுக்கு டீக்கடை வரைக்கும் போயிட்டா. கால்ல செருப்பு இல்லங்கிறதே தெரியல. நான் சொன்னேன், ஏட்டி, இந்தச் சம்பளத்துல ஒனக்கு ஃபெவிகால் வாங்கித் தாரேன், ஒட்டிக்கோன்னு."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். செருப்புப் பட்டறைக்காரர்களைப் பற்றிப் படித்தது முழுவதும் அந்த ஒரு வரியில் என் முன்னால் வந்து நின்றது.

பிற்பகலிலேயே ராமானுஜம் சாரும் நானும் தளவாய்புரம் போனோம். அறை பத்துக்குப் பத்து இருக்கும். நான்கு பெண்கள் பிளாஸ்டிக் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நைட்டிக் குவியல். மணம் மிக லேசாகத்தான் இருந்தது; அதுதான் இந்தத் திரவத்தின் விற்பனைச் சிறப்பு. எதிர்ச் சுவரில் என் தாளை லேமினேட் செய்து, மூலைக்கு ஒரு ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள்.

"அக்கா, இத எழுதுனது நீங்களா?" என்றாள் ஓரத்தில் இருந்த உயரமான பெண். "போலீஸ் பரீட்சைக்குப் படிச்சதவிட இதத்தான் நான் அதிகம் படிச்சிருக்கேன். நாள் பூரா மூஞ்சிக்கு நேராத்தான தொங்குது."

அவள் பெயர் முத்துமாரி. காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். சித்தப்பா ஒருவர் ராணுவத்தில் இருந்தார், பெரியப்பா மகன் ஏட்டு. அந்தக் குடும்பத்திலிருந்து காக்கி போடப்போகும் முதல் பெண் அவள்தான் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செலவுக்காக இந்த வேலை.

"இந்தப் படத்துக்கு என்ன அர்த்தம்னு தெரியுமா?" என்று நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மனிதனைக் காட்டினேன்.

"நெஞ்சுல எம்பிராய்டரி போட்ட ஆளு. நம்ம புது மாடல் மாதிரியே இருக்கு. என்ன, கழுத்துல லேஸ் இல்ல." நான்கு பேரும் சிரித்தார்கள்.

ராமானுஜம் சார் சிரிக்கவில்லை. கதவைத் திறந்து, அது சாத்திக்கொள்ளாமல் தன் முதுகால் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர்களை முற்றத்துக்குக் கூட்டி வந்து, விரல்களை மேலே தூக்கிக் குதிகாலால் மட்டும் நடக்கச் சொன்னேன். இருவர் நன்றாக நடந்தார்கள். மூன்றாவது பெண் தடுமாறினாள். முத்துமாரி விரல்களைத் தூக்கவே முடியாமல் நின்றாள். பாதம் தரையோடு தரையாக இருந்தது. அவளுக்கே ஆச்சரியம். திரும்பவும் முயன்றாள்.

"தெனமும் காலையில கம்மாக்கரையில ஓடுறேன்லா அக்கா. அதான் கால் ஓஞ்சு கெடக்கு."

"விரல் மரத்திருக்கா?"

"செத்த நேரம் உக்காந்தா மரக்கத்தான செய்யும்." சிறிது யோசித்தாள். "இப்போ எந்திரிச்ச பொறவும் இருக்கு."

செல்லத்துரையிடம் சார் பேசினார். மூன்று நாளைக்காவது இந்த வேலையை நிறுத்தி, பொறி விழாத வகை எக்ஸாஸ்ட் ஒன்று வைத்துவிட்டு ஆரம்பிக்கச் சொன்னார். அதற்குத் திருச்சியில் சொல்லிச் செய்ய வேண்டும், வர ஒரு மாதம் ஆகும் என்று அவரே பிறகு சேர்த்தும் சொன்னார். அவரால் பொய் சொல்ல முடியாது.

"தீபாவளிக்கு முன்னாடி மூணு நாளா?" என்றார் செல்லத்துரை. "சார், நான் சொன்னதச் செய்யாதவன் இல்ல. நீங்க எழுதினதச் செஞ்சேன். இப்போ அதையே தப்புங்கிய." கடைசியில், எக்ஸாஸ்ட்டைத் தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று, கதவைத் திறந்து வைப்பதாக மட்டும் ஒத்துக்கொண்டார். முத்துமாரியைப் பேக்கிங்குக்கு மாற்றினார். அவள் அதற்கும் இரண்டு நாள் போய்விட்டு, காலூன்றி நிற்க முடியவில்லை என்று வேலையை விட்டுவிட்டாள்.

சாரும் நானும் பஸ்ஸில் ராஜபாளையம் திரும்பினோம். இறங்கும்போது, "பதினாறு பகுதி எழுதறோம். ரூமுக்கு ஒரு பகுதி இல்லையே மங்கை" என்றார்.

முத்துமாரியை மதுரைக்குக் கூட்டிப் போனேன். அரசு மருத்துவமனையில் நரம்பில் மின்னோட்டம் செலுத்திப் பார்த்தார்கள். கால் நரம்புகள் இரண்டு பக்கமும் மெதுவாகிவிட்டன. டாக்டர் என் தாளை வாங்கி, நேராகப் பதினோராவது பகுதிக்குப் போனார். அங்கேதான் நரம்பைப் பற்றி எழுதியிருந்தேன். என் தாளில் அந்தப் பகுதியை ஒருவர் படித்து நான் பார்த்தது அதுவே முதல் தடவை. மருந்து என்று எதுவும் இல்லை, அந்தக் காற்றிலிருந்து விலகியிருப்பதுதான் மருந்து என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, நான் ஏற்கெனவே படித்திருந்த ஒன்றைச் சொன்னார். விலகிய பிறகும் இரண்டு மூன்று மாதங்களுக்கு இது மோசமாகிக்கொண்டே போகலாம். ஏற்கெனவே கெட்ட நரம்பு கெட்டு முடிய வேண்டும். அதன் பிறகே திரும்ப ஆரம்பிக்கும்.

அதை முத்துமாரியின் தாய் வேலம்மாளிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். மறைத்தால் பிறகு என் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள் என்று நினைத்தேன். மருத்துவமனை வேப்பமரத்தடியில் வைத்துச் சொன்னேன்.

"வேலைய விட்டா மோசமாகுமா?" என்றார் அவர். "இது எந்த ஊரு கணக்கு மேடம்?"

"கொஞ்ச நாளைக்கு அப்படி இருக்கும்மா. அப்புறம் நல்லாகும்."

"விடாம இருந்தா?"

"இன்னும் மோசமாகும்."

"அப்போ விட்டாலும் மோசம், விடாட்டாலும் மோசம். நல்லாத்தான் படிச்சிருக்கிய." மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

டாக்டர் சொன்னது அப்படியே நடந்தது. செப்டம்பரில் செருப்புக் கழன்றது தெரியாமல் இருந்தவள், தீபாவளிக்குள் வீட்டுப் படியில் ஏறச் சுவரைப் பிடித்தாள். கார்த்திகையில், சேற்று வயலில் இறங்கியவளைப் போல முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தொப்பென்று போட்டு நடந்தாள். கை விரல்களும் மரத்தன. எழுத்துத் தேர்வு நவம்பர் கடைசியில். விடைத்தாளில் வட்டங்களைக் கருப்பாக்க வேண்டும். பேனா விரலில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்து நிரப்பினேன் என்று என்னிடம் சொன்னாள். "தொட்டாத் தெரியல அக்கா, பாத்தாத்தான் தெரியுது."

யூனிட்டில் மற்றப் பெண்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் வந்து சேர்ந்த முடிவு எனக்குப் புரிய வெகுநாள் ஆனது. டிசம்பரில் ஒருநாள் போனபோது கதவு சாத்தியிருந்தது. ஐப்பசி மழையில் சாரல் அடித்து நைட்டி நனைகிறதென்று சாத்தியவர்கள், மழை நின்ற பிறகு திறக்கவில்லை. முற்றத்தில் அன்று தடுமாறிய பெண் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தாள்.

"முத்துமாரியப் பாத்த பிறகுமா?" என்றேன்.

"அவளப் பாத்துத்தான் மேடம் இருக்கேன்" என்றாள் அவள், நிதானமாக. "அவ இங்க இருந்த வரைக்கும் ஓடிக்கிட்டு இருந்தா. நீங்க நிக்கச் சொன்னிய. நின்ன பொறவுதான் கால் போச்சு. நாங்க நிக்கல, நல்லாத்தான இருக்கோம். இந்த மருந்து ஒடம்புக்குப் பழகிருச்சுன்னா சட்டுனு விடக்கூடாது போல."

நான் அவளுக்கு விளக்கினேன். விரலால் தரையில் கோடு போட்டுக் காட்டினேன்: இங்கே நிறுத்தினால், இப்படிக் கீழே போய், இப்படி மேலே வரும். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். கோட்டின் கீழே போன பகுதி மட்டும்தான் அவள் கண்ணால் பார்த்தது. மேலே வரும் பகுதிக்கு என்னிடம் காட்ட ஆள் இல்லை.

கம்பெனியில் எங்களால் முடிந்தது ஒன்றுதான். ஹெக்சேனுக்குப் பதில் ஹெப்டேன் போட்டு ஒரு கலவை தயாரித்தோம். அதுவும் எரியும், அதே இரண்டாம் வகை, அதே சுடர். ஆனால் நரம்பை இப்படிக் கெடுக்காது. விலை கூடுதல், காய்வது மெதுவாக. மாதிரிக்கு ஒரு கேன் செல்லத்துரைக்கு அனுப்பினோம். இரண்டாம் நாளே திரும்பி வந்தது. காய்வதற்குள் அடுத்த நைட்டியை மேலே போட்டுவிடுகிறார்களாம், கறை இரண்டிலும் பரவுகிறதாம். நிர்வாகம் ராமானுஜம் சாரைக் கூப்பிட்டுச் சொன்னது: "நம்ம ஷீட் சரியா இருக்கு. காற்றோட்டம்னு எழுதியிருக்கோம். முதல் வகைன்னு போட்டிருக்கோம். இதுக்கு மேல நாம என்ன செய்ய முடியும்?"

அவர் எனக்கு அதைத் திருப்பிச் சொல்லும்போது ஜன்னலோரம் நிற்கவில்லை. என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "அவா சரியாத்தான் சொல்றா. ஷீட்ல தப்பு ஒண்ணும் இல்ல. கடைசிலேர்ந்து படிச்சேன், முன்னாடிலேர்ந்தும் படிச்சேன்" என்றார். தை பிறந்ததும் உடம்பு முடியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அவரைப் பார்ப்பேன்.

தையில் முத்துமாரி எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள் என்று செய்தி வந்தது. மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெளியே யாரோ பக்கத்து வீட்டுக்காரர்கள் சீனி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுத்த கட்டமாக, உடல் தகுதி ஓட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

"அக்கா, உங்க தாள்ல எனக்கு மனப்பாடம் ஆகாத வரி இல்ல" என்றாள். "கண்ணுல பட்டா என்ன செய்யணும், முழுங்கிட்டா என்ன செய்யணும், தரையில கொட்டுனா எதப் போட்டு அள்ளணும், எல்லாம் இருக்கு. போன காலு எம்புட்டு நாள்ல வரும்னு எந்த எடத்துல போட்டிருக்கு?"

"அது போடலம்மா."

"ஏன்?"

அது பொருளின் குணம் அல்ல, உன் உடம்பின் குணம் என்றுதான் விடை. "ஒரு வருசம் ஆகும். கூடவும் ஆகலாம்" என்றேன்.

"ஓட்டம் அடுத்த மாசம்."

"ஆமா."

"போயி நின்னுட்டாவது வாரேன்" என்றாள். அவள் போகவில்லை. ஒரு வருடம் என்று நான் சொன்னது இரண்டு வருடமானது. இப்போது நடக்கிறாள், பஸ் ஏறுகிறாள், ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதற்கு முன் கீழே பார்த்துக் காலை வைத்துக்கொள்கிறாள். காவலர் தேர்வுக்கான வயதும் தாண்டிவிட்டது.

அன்று மாலை நான் கிளம்ப எழுந்தபோது வேலம்மாள் அடுப்படியிலிருந்து வந்தார். இந்தச் சில மாதங்களில் அவர் என்னோடு சண்டை போடுவதை விட்டிருந்தார்.

"நாளையிலருந்து நான் யூனிட்டுக்குப் போறேன் மேடம். அவ இருந்த எடம் காலியாத்தான் கெடக்கு, வான்னு சொல்லிட்டாக."

"எந்த வேலைக்கு?"

"அவ பாத்த வேலைக்குத்தான். எனக்குத் தைக்கத் தெரியாது. நெலத்துல தண்ணி இல்ல. மதுரைக்குப் போக வர எம்புட்டு ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும்."

"அம்மா வேண்டாம்" என்று கட்டிலில் இருந்தபடி முத்துமாரி கத்தினாள். "அங்க போகாத, அக்கா சொல்றது நெசம்!"

"சும்மா கெட ஏட்டி. நெசமோ பொய்யோ, அத விட்ட ஒன்னயும் பாத்தாச்சு, விடாதவளுகளையும் பாத்தாச்சு." என் பக்கம் திரும்பினார். "நான் கெட்டாலும் எனக்கு என்ன ஓட்டப்பந்தயமா இருக்கு?"

அந்த இரவு தூங்கினேனா என்று நினைவில்லை. மறுநாள் காலை, முதல் வேலையாக, ஆய்வகத்துக்குப் போகாமல் தளவாய்புரம் பஸ் ஏறினேன். செல்லத்துரை யூனிட்டின் கேட் முன்னால் போய் நின்றேன். எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்பு வேலம்மாள் வந்தார். தலை குளித்து, நல்ல சேலை ஒன்றைக் கட்டியிருந்தார். முதல் நாள் வேலை. கையில் தூக்குச்சட்டி.

"சாப்ட்டு வந்தியளா மேடம்?"

"உள்ள போகாதீங்கம்மா."

அவர் என்னை நேராகப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. "வேற வேல ஒண்ணு வாங்கிக் குடுங்க. இப்பவே திரும்பி வாரேன்."

நான் எனக்குத் தெரிந்த ஆலைகளை, யூனிட்டுகளை, ஆட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். அவர் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். உள்ளே மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. கேட் குறுகலானது, நான் நடுவில் நின்றால் ஒருவர் போக முடியாது.

நான் விலகி நின்றேன்.